நூற்றிருபது மணி நேரமும் ஒரு பொம்மையும்

பாண்டியராஜ் நான்கு வருஷமாகப் பார்த்துவந்த வேலைக்கு அவருக்குத் தகுதி கிடையாது என்ற தகவல், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்குக் கனடாவிலிருந்து வந்து சேர்ந்தது. அந்த நேரம் அவர் சாம்ராஜ் அண்ணாச்சிக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். வாதம் விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், நல்ல கை அப்புறம். இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதல் மாதத்தில் மூன்று சட்டை கிழிந்தது. நான்காவது சட்டை சொல்லிக் கொடுத்தது.

சாம்ராஜ் அண்ணாச்சி சங்கரன்கோவில் கழுகுமலை ரோட்டில் நாற்பது வருஷம் இரும்புக்கடை நடத்தியவர். வயது எழுபத்தாறு. வாதம் வந்ததும் இடது கை, இடது கால், இடது தோள் மூன்றும் ஓய்வு எடுத்துக்கொண்டன. பேச்சிலும் பாதி போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். இது பாதி என்றால் முழுசு எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்து, அந்த டாக்டர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பாண்டியராஜ் ராயகிரிக்காரர், ஐம்பத்தோரு வயது. புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் இருபது வருஷம் மூட்டை தூக்கியவர். மூட்டை தோளுக்கு ஏறும்போதே எடையைச் சொல்லிவிடுவார். தராசு பிறகு வந்து அவர் சொன்னதை ஒப்புக்கொள்ளும். இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள், அண்ணாச்சியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கி வைத்துவிட்டு, "அறுபத்தெட்டரைக் கிலோ" என்றார். எடை மெஷினில் நிறுத்துப் பார்த்தால் அறுபத்தெட்டுதான். "அரைக் கிலோ தப்பிட்டீரே வே" என்று அண்ணாச்சி சந்தோஷப்பட்டார். பார்த்தால் அவர் மடியில் வைத்திருந்த கடைப் பூட்டு நாற்காலியிலேயே விழுந்து கிடந்தது. அதைத் தனியாக நிறுத்தார்கள். சரியாக அரைக் கிலோ. அன்றைக்கு நிரந்தரமானதுதான் வேலை.

கனடாவிலிருந்து பேசியது அண்ணாச்சியின் ஒரே மகள் ஏஞ்சல். போன் திரையில் அவள் பின்னால் ஜன்னல் இருட்டாக இருந்தது.

"அப்பா, இங்க யாரோ ஒருத்தரோட அப்பாவக் குளிப்பாட்ட நான் பத்து மாசம் படிச்சிருக்கேன். பரீட்சை எழுதியிருக்கேன். எங்க அப்பாவக் குளிப்பாட்ட ஒரு சர்டிபிகேட்டும் இல்லாத ஆளா?"

"அவரு இந்த நாலு வருசத்துல ஒரு நாளும் என்னைக் கீழ போட்டதில்லட்டி."

"போட்டதுக்கு அப்புறமா சர்டிபிகேட் கேக்க முடியும்?"

ஏஞ்சல் எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். ராஜபாளையம் ரோட்டில் ஃபாரூக் என்பவர் வீட்டுப் பராமரிப்பு மையம் ஒன்று திறந்திருக்கிறார். படித்துச் சான்றிதழ் வாங்கிய ஆட்களை மட்டும்தான் வீடுகளுக்கு அனுப்புகிறார். அடுத்த மாதக் கடைசிக்குள் பாண்டியராஜ் அங்கே தேறிவிட்டால் இதே வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் ஒன்றாம் தேதி மதுரையிலிருந்து சான்றிதழ் உள்ள ஆள் வந்துவிடுவார்.

"பாண்டி அண்ணே, உங்க மேல கோவத்துல சொல்லல" என்றாள் ஏஞ்சல்.

"தெரியுதும்மா" என்றார் பாண்டியராஜ். நல்ல கையைச் சட்டைக்குள் நுழைத்து, பித்தானைப் போட்டார். ஒரு துவாரம் தள்ளிப் போட்டுவிட்டார். நான்கு வருஷத்தில் அது முதல் தடவை.

அன்று பத்து மணிக்கே ஃபாரூக்கின் மையத்துக்குப் போய்விட்டார். மருந்துக்கடை மாடி, இரண்டு அறை. ஃபாரூக்குக்கு முப்பத்து நான்கு வயது. எதைக் கேட்டாலும் முதலில் ஒரு தாளை எடுத்து நீட்டுகிற பழக்கம் உள்ளவர்.

"எட்டாங்கிளாஸ் தேறியிருக்கணும்ணே. உடம்பு நல்லாருக்குன்னு டாக்டர் சான்று. ஸ்டேஷன்ல கேஸ் எதும் கிடையாதுன்னு ஒரு சான்று. நூத்திருபது மணி நேரம் பயிற்சி. கடைசியில செய்முறைத் தேர்வு, அதுல அறுபது மார்க் எடுக்கணும்."

"நாலு வருசமா செய்யுதேனே தம்பி, அதுக்கு மார்க் கிடையாதா?"

"அனுபவம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல டிக் போடலாம். மார்க் கிடையாது."

"சரி, அந்த டிக்கைப் போடு. மத்ததக் கொண்டாரேன்."

நான்கு நாளில் மூன்று தாளையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். எட்டாம் வகுப்புச் சான்றுக்கு ராயகிரி பள்ளிக்கூடத்தில் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தார்கள். கரையான் அதில் பாண்டியராஜுக்கு முன்னால் இருந்த ஏழு பேரையும் பின்னால் இருந்த ஒன்பது பேரையும் தின்றுவிட்டு, இவரை மட்டும் விட்டு வைத்திருந்தது. கணக்கில் முப்பத்தைந்து மார்க். கரையான் அந்த இடம் வந்ததும் விலகிப் போயிருக்க வேண்டும் என்பது தலைமையாசிரியரின் கருத்து. டாக்டர், மூட்டை தூக்கின முதுகை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, இதில் ஒரு பிரதியைத் தன் சுவரில் மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். ஸ்டேஷனில் இருந்த ஏட்டு மட்டும் கொஞ்சம் இழுத்தார். ஐம்பத்தோரு வயதுவரை ஒருவன் மேல் ஒரு பெட்டி கேஸ்கூட இல்லையென்றால் ஆளையே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி, இரண்டு தடவை பெயரைச் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பயிற்சி இருபது நாள், தினம் ஆறு மணி நேரம். காலையில் அண்ணாச்சியைக் குளிப்பாட்டி, இட்லி ஊட்டி, சாய்த்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போவார். ஒரு மணிக்கு மொபெட்டில் வந்து திருப்பிப் படுக்க வைத்துவிட்டு மறுபடி போவார். இடைப்பட்ட நேரம் சமையலுக்கு வரும் பாலம்மாள் பார்த்துக்கொள்வாள். வகுப்பில் மொத்தம் பன்னிரண்டு பேர். மற்ற பதினொரு பேரும் பெண் பிள்ளைகள். அவர்களில் மூத்தவள் பாண்டியராஜின் தங்கை மகளுக்கு இளையவள்.

சொல்லிக்கொடுத்தவர் நஸ்ரின் பானு சிஸ்டர். முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் நாளே பாண்டியராஜுக்கு ஒரு அடி விழுந்தது. படுத்தே கிடக்கிறவர்களுக்கு இடுப்பெலும்பு மேல் தோல் சிவந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார் சிஸ்டர்.

"தேங்காய் எண்ணெய் போட்டு நல்லா அழுத்தித் தேய்ப்பேன்மா" என்றார் பாண்டியராஜ். நான்கு வருஷமாகச் செய்துவருவது, பெருமையாகவே சொன்னார்.

"சிவந்த இடத்த அழுத்தித் தேச்சா உள்ளுக்குள்ள சதை இன்னும் கெடும். தொடவே கூடாது. அந்தப் பக்கம் பாரம் விழாம திருப்பிப் போடணும்."

பாண்டியராஜ் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் அண்ணாச்சியைத் திருப்பி, இடுப்பை வெளிச்சத்தில் பார்த்தார். புண் ஒன்றும் இல்லை. இருந்தாலும் வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னவே, முதுகுல பேப்பர் படிக்கீரா?"

"உங்களத் தேய்ச்சுக் கெடுக்கப் பாத்திருக்கேன் அண்ணாச்சி. உங்க மக சொன்னது சரிதான். இத நான் படிச்சே ஆகணும்."

அதிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. இருமல் வந்தாலும் போனார். படுத்துக்கொண்டிருக்கிறவருக்கு ஊட்டக் கூடாது, நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும் என்பதையும், படுக்கையில் இருக்கிறவரைத் தொடுவதற்கு முன்னால் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுத் தொட வேண்டும் என்பதையும் நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டார். இரண்டாவது அவருக்கு ஏற்கெனவே பழக்கம். அண்ணாச்சியிடம் கேட்காமல் தலையணையை நகர்த்தினால்கூட அன்றைக்கு முழுக்கப் பேச்சு கேட்க வேண்டியிருக்கும்.

மையத்தில் ஒரு பொம்மை இருந்தது. ஆறடி நீளம், ஆள் உயரம், கை கால் மடங்கும், கண் திறந்தே இருக்கும். ஆனால் யாரும் அதைத் தொட்டதில்லை. விலை கூடின சாமான் என்று ஃபாரூக் அதை வந்த நாளில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையோடு கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். தேர்வு அன்றைக்குத்தான் பிரிப்பேன் என்று சொல்லியிருந்தார். மற்ற நாளில் பெண் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி படுக்க வைத்துப் பழகிக்கொண்டார்கள். பாண்டியராஜ் வீட்டில் அண்ணாச்சியை வைத்துப் பழகிக்கொண்டார்.

தேர்வு நாள் வந்தது. திருநெல்வேலியிலிருந்து தேர்வாளர் ப்ரியதர்ஷினி வந்திருந்தார். கண்ணாடி போட்டவர், பேனாவை மூடாதவர். பொம்மையின் உறையைக் கிழித்து, கட்டிலில் கிடத்தி, போர்வை போர்த்தியிருந்தார்கள். அறையில் ஏசி வேறு.

உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் நஸ்ரின் பானு சிஸ்டர் வாசலில் வைத்து ஒன்றையே சொல்லி அனுப்பினார்: "பொம்மைன்னு நெனைக்காதீங்க. உயிருள்ள ஆளு படுத்திருக்காருன்னு நெனைச்சுச் செய்யுங்க."

பாண்டியராஜ் அப்படியே நினைத்தார். அதுதான் வினையாகிவிட்டது.

கொடுத்த வேலை, படுக்கையிலேயே வைத்து உடம்பு துடைத்துவிடுவது. பாண்டியராஜ் கட்டில் பக்கம் போய் நின்றார். "அண்ணாச்சி, உடம்பு தொடைக்கப் போறேன். தொடைக்கட்டா?" என்றார். பதில் இல்லை. காது மந்தமாக இருக்கும் என்று கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். பதில் இல்லை. தோளைத் தட்டினார். கண் கூரையைப் பார்த்தபடி இருந்தது, இமைக்கவில்லை. மூக்கில் விரலை வைத்தார். மணிக்கட்டைப் பிடித்தார். மார்பில் காது வைத்தார். உடம்பு சில்லென்று இருந்தது.

பிறகு அவர் செய்தது எல்லாம் நிதானமாக, முறையாகச் செய்தது. தன் துண்டை எடுத்து, தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டினார். கட்டுத்துணியில் ஒரு துண்டு கிழித்து, கால் கட்டைவிரல் இரண்டையும் இணைத்தார். கண்ணை மூடிப் பார்த்தார், மூடவில்லை. போர்வையை முகம்வரை இழுத்துவிட்டார். தேர்வாளரிடம் திரும்பி, "முடிஞ்சிட்டும்மா. வீட்டாளுகளுக்குச் சொல்லி அனுப்பிருங்க" என்றார்.

ப்ரியதர்ஷினி பேனாவைப் பிடித்தபடி இருந்தார். "என்ன முடிஞ்சிட்டு?"

"அவருதாம்மா."

"நீங்க இன்னும் தொடைக்கவே ஆரம்பிக்கலையே."

"இனி நாம தொடைக்கக் கூடாதும்மா. இனிக் குளிப்பாட்டுதது சொந்தக்காரங்க பொறுப்பு. பிள்ளைக இருக்கும், கொள்ளி வைக்கிறவன் இருப்பான். நாம கை வச்சா நாளைக்கு நம்மளத்தான் பேசுவாக."

"சார், இது பொம்மை."

"பொம்மைன்னு நெனைக்கக் கூடாதுன்னு சொல்லித்தாம்மா உள்ள விட்டாக."

"உயிரோட இருக்காருன்னு நெனைச்சுக்கணும்."

"நெனைச்சேன்மா. நெனைச்சுக்கிட்டேதான் வந்தேன். நான் வாரதுக்கு முன்னாடியே போயிட்டாரு."

மதிப்பெண் தாளில் ப்ரியதர்ஷினி எழுதியது இவ்வளவுதான்: 'நோயாளி இறந்துவிட்டதாக 11.20க்கு அறிவித்தார். இறந்தபின் செய்ய வேண்டியவை நன்று. உயிரோடு இருக்கும்போது செய்ய வேண்டியவை: பூஜ்யம்.' மொத்தம் பதினேழு மார்க். அந்தப் பதினேழும் கட்டு இறுக்கமாகவும் அழகாகவும் இருந்ததற்கு.

மறு தேர்வு இருபத்தெட்டாம் தேதி என்றார்கள். ஒன்பது நாள் இருந்தது. அதிலும் தவறினால் மதுரைக்காரர் வந்துவிடுவார்.

சாம்ராஜ் அண்ணாச்சி முழுசையும் கேட்டார். கட்டில் குலுங்கியது. வலது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பொம்மைக்குச் சாவு வந்த ஊரு இது ஒண்ணாத்தாம்வே இருக்கும்."

"சிரிங்க அண்ணாச்சி. ஒண்ணாந்தேதி மதுரக்காரன் வந்து உங்களக் கேக்காம தலவாணிய உருவும்போது தெரியும்."

அண்ணாச்சியின் சிரிப்பு நின்றுவிட்டது. "என்ன செய்யப் போறீரு?"

"எனக்குப் பேசாத ஆளோட பழக்கம் இல்ல. அதப் பழகணும். அந்தப் பொம்மையக் கேட்டு வாங்கிட்டு வாரேன்."

ஃபாரூக் முடியாது என்றார். பாண்டியராஜ் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் முடியாது என்றார். மறுநாளும் உட்கார்ந்தார். மருந்துக்கடைக்கு வருகிறவர்களெல்லாம், படியில் ஒரு நோயாளி காத்திருக்கிறார், மேலே டாக்டர் இருக்கிறார் போலும் என்று வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். பதினான்கு பேர் சேர்ந்து, ஒருவர் ஃபாரூக்கிடம் வாயைத் திறந்து நாக்கை நீட்டியபோது, அவர் அலமாரிச் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"ஒரு கீறல் விழக் கூடாதுண்ணே."

"அறுபத்தெட்டுக் கிலோவ நாலு வருசமாத் தூக்குதேன். இது வெறும் பதினெட்டே முக்கால். விழாது."

பொம்மைக்குத் தன் பழைய சட்டையையும் கைலியையும் கட்டிவிட்டார். மொபெட்டில் பின்னால் உட்கார வைத்து, தன் இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போக்குவரத்துக் காவலர் நிறுத்தினார். பின்னால் இருப்பவருக்கு ஹெல்மெட் எங்கே என்று கேட்டார். பின்னால் இருப்பவர் பதில் சொல்லவில்லை.

"ஏன், வாயத் தொறந்து பேச மாட்டாரோ?"

"மௌன விரதம் சார்" என்றார் பாண்டியராஜ்.

காவலர் அதைக் குனிந்து பார்த்தார். இமைக்காமல் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்ணில் ஏதோ ஒரு உறுதி தெரிந்திருக்க வேண்டும். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "சாமிய மெதுவாக் கூட்டிட்டுப் போங்க" என்று வழிவிட்டார்.

வீடு வந்து சேர்வதற்குள் செய்தி முந்திக்கொண்டது. பாண்டியராஜ் இடுப்பில் கட்டிக்கொண்டு போனது சாம்ராஜ் அண்ணாச்சியின் உடம்பு என்று யாரோ சொல்லி, பூ மார்க்கெட்டிலிருந்து இரண்டு ரோஜா மாலை வீட்டுக்கு வந்து நின்றது. அண்ணாச்சி மாலைகளைத் தானே கையெழுத்துப் போட்டு வாங்கினார். கொண்டுவந்தவன் கையெழுத்தைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான், சைக்கிளை மறந்துவிட்டு நடந்து போனான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு நோயாளி. பொம்மைக்கு அண்ணாச்சியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில். பாலம்மாள் முதல் நாள் காலையில் காபி இரண்டு டம்ளர் கொண்டுவந்தாள். கேட்டதற்கு, "எதுக்க ஒருத்தரு பாத்துக்கிட்டு இருக்கும்போது ஒருத்தருக்கு மட்டும் எப்படிண்ணே குடுக்க" என்றாள்.

பாண்டியராஜ் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, உடம்பு தொடைக்கட்டா?" என்று பொம்மையிடம் கேட்டார். கேட்டுவிட்டு நின்றார். பதில் வராததால் கை முன்னால் போகவில்லை. மறுபடி கேட்டார். கை தானாகத் தோள் துண்டை நோக்கிப் போயிற்று.

"வே, தாடையக் கட்டப் போறீரா? துண்ட அங்கன வையும்" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. "தொடைக்கச் சொல்லுதான்."

"யாரு?"

"அவந்தான். தொடையும்னு சொல்லுதான். வெந்நி ரொம்பச் சுடக் கூடாதாம்."

பாண்டியராஜ் துணியை நனைத்துப் பிழிந்தார். முகம், கழுத்து, கை என்று துடைக்க ஆரம்பித்தார். அண்ணாச்சி விடவில்லை. துணி கரகரவென்று இருக்கிறதாம். காதுக்குப் பின்னால் விட்டுவிட்டாராம். ஜன்னலைச் சாத்தாமல் சட்டையைக் கழற்றுவது என்ன பழக்கமாம். இதுவரைக்கும் தன் பெயரால் சொல்லக் கூச்சப்பட்ட குறைகளையெல்லாம் அவர் பொம்மையின் பெயரால் சொல்லித் தீர்த்தார். பாண்டியராஜ் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் நோட்டு தீர்ந்து, இன்னொன்று வாங்கினார்.

நாலாம் நாளிலிருந்து அண்ணாச்சி தந்திரம் செய்தார். பதில் சொல்லுவதற்கு ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டார், பிறகு இரண்டு நிமிஷம். சில தடவை சொல்லவே இல்லை. பாண்டியராஜ் காத்திருக்கப் பழகினார். பதில் வராவிட்டாலும் ஆள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிச் சொல்லித் தொடப் பழகினார்.

ஆறாம் நாள் சாயங்காலம். பாண்டியராஜ் பொம்மையின் பாதத்தை விரலிடுக்கு விடாமல் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலிலிருந்து அண்ணாச்சி கூப்பிட்டார்.

"வே."

"சொல்லுங்க."

"அவன் ஒண்ணு சொல்லுதான்."

"என்ன சொல்லுதாரு?"

அண்ணாச்சி முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்திருந்தார். "வேற ஆளு வந்தா அவனுக்குப் பயமா இருக்குமாம். ராத்திரி ஒண்ணுக்கு வந்தாக்கூடச் சொல்லக் கூச்சமா இருக்கும்ங்கான்."

பாண்டியராஜ் துணியை அலசினார். பிழிந்தார். அடுத்த பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேற ஆளு வரமாட்டான்னு அவருகிட்டச் சொல்லிருங்க அண்ணாச்சி."

இருபத்தெட்டாம் தேதி பொம்மையை மறுபடி இடுப்பில் கட்டிக்கொண்டு மையத்துக்குப் போனார். இந்தத் தடவை போக்குவரத்துக் காவலர் தூரத்திலேயே மற்ற வண்டிகளை நிறுத்தி வழிவிட்டார். ஃபாரூக் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் ஒரு கீறல் அகப்படவில்லை. வாங்கின அன்றைக்கு இருந்ததைவிட இப்போது கொஞ்சம் நிறம் வந்திருக்கிறது என்று நஸ்ரின் பானு சிஸ்டர் சொன்னார்.

ப்ரியதர்ஷினி பழைய மதிப்பெண் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். "துண்ட வெளிய வச்சிட்டு வந்துருங்க சார்" என்றார். பாண்டியராஜ் மறுபேச்சில்லாமல் வைத்துவிட்டு வந்தார்.

"அண்ணாச்சி, உடம்பு தொடைக்கப் போறேன்" என்றார். நின்றார். ஒரு நிமிஷம் ஆயிற்று. தேர்வாளரின் பேனா தாளுக்கு மேல் தயாராக நின்றது. பாண்டியராஜின் வலது கை அசைந்தது. வாசலில் நின்ற ஃபாரூக் எட்டிப் பார்த்தார். கை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் போய்ச் சூடு பார்த்தது.

"எதுக்கு அவ்வளவு நேரம் நின்னீங்க?" என்று கேட்டார் ப்ரியதர்ஷினி.

"சில பேருக்கு வாய் வர நேரம் ஆகும்மா. நாம அவசரப்பட்டா, சொல்ல வந்தத விழுங்கிருவாக."

ஜன்னல் திரையை இழுத்து மூடினார். போர்வையை ஒரு பக்கம் மட்டும் விலக்கினார், துடைத்தார், மூடினார், மறுபக்கம் விலக்கினார். திருப்பிப் படுக்க வைத்ததும் இடுப்பெலும்பு மேல் ஒரு சிவப்பு வட்டம். ப்ரியதர்ஷினி முன்கூட்டியே ஸ்கெட்ச் பேனாவால் போட்டு வைத்தது. பாண்டியராஜின் விரல் அதற்கு ஒரு சாண் தள்ளி நின்றது. நான்கு வருஷப் பழக்கம் அந்த விரலைக் கீழே இழுத்தது. அவர் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"இத நான் தேய்க்க மாட்டேன். இந்தப் பக்கம் சாய்க்க மாட்டேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பணும். நாளைக்கும் சிவப்பு போகலன்னா சிஸ்டருக்குச் சொல்லுவேன்."

"இப்ப இவரு மூச்சு முட்டுதுன்னு சொல்றாரு. என்ன செய்வீங்க?"

பாண்டியராஜ் பொம்மையின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். துணியைப் போட்டுவிட்டு, தோளுக்கடியில் கை கொடுத்து நிமிர்த்தி, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, கழுத்தில் கிடந்த போர்வையை விலக்கினார். "நூத்தியெட்டுக்குப் போனப் போடுங்கம்மா" என்றார். அவர் சொன்ன தோரணையில் ப்ரியதர்ஷினி நிஜமாகவே போனை எடுத்து, மூன்று எண்ணும் அழுத்திவிட்டு, பிறகு நினைவு வந்து கட் செய்தார்.

எழுபத்து நாலு மார்க்.

முப்பதாம் தேதி சான்றிதழ் கைக்கு வந்தது. கொடுக்கும்போது ஃபாரூக் இன்னொரு தாளையும் நீட்டினார்.

"அண்ணே, தேர்வாளர் மேடமே உங்களச் சொன்னாங்க. திருநெல்வேலில ரிட்டயர்டு டாக்டர் வீடு. தங்க ரூம், ஏசி, பெரிய எடம். இந்த மார்க்குக்கு நீங்க அங்கதான் போகணும். அண்ணாச்சிக்கு மதுரக்காரர அனுப்பிக்கலாம்."

"தம்பி, நான் எதுக்குப் பரீட்சை எழுதினேன்?"

"முன்னுக்கு வாரதுக்குத்தாண்ணே எல்லாரும் எழுதுவாங்க."

"நான் இருந்த எடத்துலயே இருக்கதுக்கு எழுதினேன். அண்ணாச்சி வீட்டுக்கே ஆர்டர் அடி."

ஃபாரூக் அடித்தார். ஆனால் மையத்தின் விதி ஒன்று இருந்தது. புதிதாக நியமிக்கிற ஆளை வீட்டில் முறைப்படி அறிமுகம் செய்து, வீட்டுக்காரர் பேசிப் பார்த்துத் திருப்தி என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு ஒன்றாம் தேதி காலை எட்டு மணி என்று குறித்தார்.

அன்றைக்கு ஆறு மணிக்கே பாண்டியராஜ் அண்ணாச்சியைக் குளிப்பாட்டி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு வெளியே போய், ஃபாரூக் வந்ததும் அவர் பின்னாலேயே உள்ளே வந்து நின்றார். போன் திரையில் ஏஞ்சல் இருந்தாள்.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சான்றிதழை வாங்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"பேரு?"

"பாண்டியராஜ்."

"இதுக்கு முன்னால எங்க வேல பாத்தீரு?"

"இங்கனதான்."

"அங்க ஏன் விட்டீரு?"

"தகுதி இல்லன்னாக."

"சரியாத்தான் சொல்லிருக்காக. இப்ப வந்திட்டா?"

"எழுபத்து நாலு மார்க் வந்திருக்கு."

"மிச்சம் இருபத்தாறு எங்க?"

"அப்பா, போதும்" என்றாள் ஏஞ்சல். அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள்.

"நீ சும்மா இருட்டி. ஆளு எடுக்கும்போது நல்லா விசாரிச்சுத்தான் எடுக்கணும்னு சொன்னது நீதான்." அண்ணாச்சி மறுபடி இவர் பக்கம் திரும்பினார். "திருநெல்வேலில ஏசி ரூம் குடுத்தாகளாம். பாதியில அங்க ஓடிர மாட்டீரே? எத்தன வருசம் இருப்பீரு?"

"உங்களுக்கு எத்தன வருசம் உத்தேசம் அண்ணாச்சி?"

அண்ணாச்சி கூரையைப் பார்த்து யோசித்தார். "நூறு வயசுன்னு வச்சிருக்கேன்."

"அப்ப இன்னும் இருபத்து நாலு. எனக்கு எழுபத்தஞ்சு ஆகும். தூக்கிருவேன்."

ஃபாரூக் தொண்டையைச் செருமினார். "ஒரு சின்ன விஷயம்ணே. இந்தச் சர்டிபிகேட் ரெண்டு வருஷத்துக்குத்தான். அதுக்கப்புறம் மறுபடி தேர்வு எழுதித்தான் புதுப்பிக்கணும்."

பாண்டியராஜ் மனசுக்குள் வகுத்துப் பார்த்தார். கணக்கில் முப்பத்தைந்து மார்க் வாங்கினவர். கொஞ்சம் நேரம் பிடித்தது.

"பன்னெண்டு தடவ எழுதணும்."

"ஆமாண்ணே."

"தேதியச் சொல்லு தம்பி. எழுதுதேன்."

அண்ணாச்சி வலது கையை நீட்டிப் பேனாவைக் கேட்டார்.